பக்கம் திறக்கத் தாமதிப்பது எங்கே? – வலைமேலோடியின் நேர அட்டவணையை வாசித்தல்

மாணவர்களே, க.பொ.த. (சாதாரண தர)ப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் இரவை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். கொட்டகலையில் மழை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு கையடக்கத் தொலைபேசி. அதில் எஞ்சியிருக்கும் டேட்டாவும் சொற்பம். சுட்டெண்ணைத் தட்டச்சு செய்து பொத்தானை அழுத்துகின்றீர்கள். திரையில் சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கின்றது. “இங்கே சிக்னல் இல்லை, மேட்டு லயத்துப் பக்கம் போய்ப் பார்” என்கிறார் அண்ணன். “காலையில் ஹட்டனுக்கு பஸ் ஏறி கொமியூனிக்கேஷனில் பார்க்கலாம்” என்கிறார் மாமா. “சேர்வர் டவுன்” என்று அடுத்த வீட்டிலிருந்து ஒரு குரல் வருகின்றது.

மூவரும் கூறியது மூன்று வெவ்வேறு நோய்களை. சிக்னல் இல்லை என்றால் மேட்டுக்குப் போவது சரி. சேவையகம் நெரிசலில் உள்ளது என்றால் மேட்டுக்குப் போனாலும் ஹட்டனுக்குப் போனாலும் பயனில்லை. பஸ் காசுதான் வீண். ஆகவே, தாமதம் எங்கே ஏற்படுகின்றது என அறிவது வெறும் ஆர்வத்திற்குரிய விடயம் அன்று. அதனை அளந்து காட்டும் கருவி, நீங்கள் பாடசாலைக் கணினி அறையில் பயன்படுத்தும் வலைமேலோடியின் உள்ளேயே இருக்கின்றது. பெரும்பாலானோர் அதனை ஒரு தடவையேனும் திறந்து பார்த்ததில்லை.

இக்கருவி பாடத்திட்டத்தின் நேரடிப் பகுதி அன்று. ஆனால் ஆள்களப் பெயர் முறைமை, ஐ.பி. முகவரி, எச்.ரி.ரி.பி. நடப்பொழுங்கு, சேவைபெறுநர் – சேவையகம், பட்டை அகலம் என நீங்கள் வரைவிலக்கணமாகப் பாடமாக்கும் அத்தனையும் இதில் எண்களாகக் கண்முன்னே தோன்றும். ஒரு தடவை பார்த்தவருக்கு அந்த வரைவிலக்கணங்கள் மறக்காது.

கருவியைத் திறத்தல்

குரோம், எட்ஜ், ஃபயர்ஃபொக்ஸ் ஆகிய எதிலாயினும் விசைப்பலகையின் எஃப் 12 சாவியை அழுத்துங்கள். திரையின் பக்கத்திலோ அடியிலோ ஒரு பலகை தோன்றும். அதன் மேல் வரிசையில் ‘நெட்வேர்க்’ என்னும் தலைப்பைச் சொடுக்கிவிட்டுப் பக்கத்தை மீளப் புதுப்பியுங்கள். பலகை திறந்திருக்கும்போது நிகழும் கோரிக்கைகளே பதிவாகும் என்பதால் புதுப்பித்தல் அவசியம். “ஒன்றுமே வரவில்லையே சேர்” என்று கை உயர்த்துபவர்களில் பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான்.

உடனே ஒரு நீண்ட பட்டியல் இறங்கும். ஒவ்வொரு வரியும் ஒரு கோரிக்கை: பக்கத்தின் எச்.ரி.எம்.எல். ஆவணம், படங்கள், எழுத்துருக்கள், நிகழ்நிரல்கள். நீங்கள் ‘ஒரு பக்கம்’ என எண்ணியது உண்மையில் முப்பது, நாற்பது கோப்புகளின் கூட்டம் என்பது இங்குதான் தெரியவரும். ஒவ்வொரு வரியின் வலக்கோடியிலும் ஒரு கிடைப்பட்டை இருக்கும். இப்பட்டைகள் படிப்படியாகக் கீழிறங்குவதால் இதற்கு ‘நீர்வீழ்ச்சி வரைபு’ எனப் பெயர். தலவாக்கலைப் பாதையில் சென் கிளயார் நீர்வீழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு இப்பெயர் பொருத்தமாகவே படும்.

இத்தகைய கருவி எப்போதும் இருந்ததன்று. 2006 இல் ஃபயர்ஃபொக்ஸிற்கு ஃபயர்பக் என்னும் இணைப்பு மென்பொருள் வந்தபோதே சாதாரணப் பயனர்களுக்கும் இவ்வாறு பார்க்க முடிந்தது. பின்னர் எல்லா வலைமேலோடிகளும் இதனைத் தம்முள் சேர்த்துக்கொண்டன; ஃபயர்பக் 2017 இல் நிறுத்தப்பட்டது.

ஒரு கோரிக்கையின் வாழ்க்கை

பட்டியலில் ஒரு வரியைச் சொடுக்கி, ‘டைமிங்’ என்னும் பகுதிக்குச் செல்லுங்கள். அக்கோரிக்கை செலவிட்ட நேரம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு மில்லிசெக்கனில் தரப்பட்டிருக்கும். 1,000 மில்லிசெக்கன் 1 செக்கன் ஆகும். மில்லிசெக்கனை இனி மி.செக். எனக் குறிப்போம்.

முதலாவது, வரிசையில் நிற்றல். கொழுந்து மடுவத்தில் நிறுவைக்குக் காத்து நிற்பதைப் போன்றது இது. கோரிக்கை இன்னும் உங்கள் கணினியை விட்டே வெளியேறவில்லை. எச்.ரி.ரி.பி. இன் 1.1 ஆம் பதிப்பில் ஒரே சேவையகத்திற்கு குரோம் ஒரே நேரத்தில் 6 இணைப்புகளையே திறக்கும். ஆறு தராசுகள் மட்டுமே உள்ள மடுவத்திற்கு முப்பது பேர் ஒரே நேரத்தில் கூடையுடன் வந்தால் ஏழாமவர் நிற்கத்தான் வேண்டும். 2015 இல் வெளியிடப்பட்ட எச்.ரி.ரி.பி. 2 ஆம் பதிப்பில் ஒரே இணைப்பின் ஊடாகப் பல கோரிக்கைகளைக் கலந்து அனுப்பலாம் என்பதால் இந்த நெரிசல் பெரிதும் குறைந்தது.

இரண்டாவது, ஆள்களப் பெயரைத் தேடல். நீங்கள் இட்ட பெயருக்குரிய ஐ.பி. முகவரியைக் கேட்டறியும் நேரம் இது. பெயர் ‘எல்கே’ என முடிந்தால் இலங்கையின் ஆள்களப் பதிவகத்தின் பெயர்ச் சேவையகங்களும் இத்தேடலில் பங்குபெறும். (‘.இலங்கை’ எனத் தமிழிலேயே முடியும் உயர்மட்ட ஆள்களமும் 2010 முதல் உண்டு. பலர் அறியாத செய்தி.) ஒரு தடவை விடை கிடைத்தால் அது குறித்த காலத்திற்குப் பதுக்கி வைக்கப்படும். எனவே அதே தளத்தில் இரண்டாம் பக்கத்தைத் திறக்கும்போது இத்துண்டு 0 ஆகவோ, காட்டப்படாமலோ இருக்கும். அது பிழை அன்று.

மூன்றாவது, தொடக்க இணைப்பு. இரு கணினிகளும் தரவைப் பரிமாறுமுன் கைகுலுக்கிக்கொள்ளும். “பேசலாமா?” என உங்கள் கணினி கேட்கும், “பேசலாம், நீ தயாரா?” எனச் சேவையகம் விடையளிக்கும், “தயார்” என உங்கள் கணினி முடிக்கும். இதுவே ரி.சி.பி. இன் மும்முறைக் கைகுலுக்கல். மூன்றாவது செய்தியுடன் சேர்த்தே கோரிக்கையை அனுப்பலாம் என்பதால், உங்கள் பக்கத்தில் செலவாவது ஒரு போய்வரும் நேரம் மட்டுமே. முகவரி பாதுகாப்பானதாக, அதாவது பூட்டுக் குறியுடன் இருந்தால், இரகசியக் குறியீட்டுக்கான சாவிகளைப் பேசிமுடிக்க மேலும் நேரம் தேவை. 2018 இல் வெளியான ரி.எல்.எஸ். 1.3 இல் அதற்கு இன்னும் ஒரு போய்வரும் நேரம் போதும். அதற்கு முந்திய பதிப்பில் வழக்கமாக இரண்டு வேண்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. பாதுகாப்புப் பேச்சின் நேரம் தனி வரியாகவும் காட்டப்படும். ஆனால் குரோமில் அது தொடக்க இணைப்பு நேரத்தின் உள்ளேயே அடங்கியது. இரண்டையும் கூட்டினால் விடை பிழைக்கும்.

நான்காவது, கோரிக்கையை அனுப்பல். பெரும்பாலும் 1 மி.செக். அல்லது அதிலும் குறைவு. இதனைக் கடந்து செல்வோம்.

ஐந்தாவது, சேவையகத்தின் விடைக்குக் காத்திருத்தல். விடையின் முதற் பைற்று வந்து சேரும்வரை உள்ள நேரம் இது. குரோமின் வரைபில் பச்சை நிறத்தில் தெரியும். பெறுபேறு இரவின் கதை முழுவதும் இந்தப் பச்சைப் பட்டையில்தான் எழுதப்பட்டிருக்கும். சற்றுப் பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

இறுதியானது, உள்ளடக்கத்தைப் பதிவிறக்கல். முதற் பைற்றிலிருந்து கடைசிப் பைற்று வரை உள்ள நேரம், நீல நிறத்தில். பட்டை அகலம் என நீங்கள் படிப்பது முக்கியமாக இத்துண்டையே தீர்மானிக்கின்றது. “டேட்டா பக்கேஜ் வேகமானது, பிறகேன் பக்கம் தாமதம்?” என்ற கேள்விக்கு விடை இதிலேயே உள்ளது. ஆறு துண்டுகளில் ஒன்றைத்தான் அந்த வேகம் முக்கியமாகக் குறைக்கும்.

தூரம் என்னும் காரணி

கொழும்பிலிருந்து கொட்டகலைக்குப் புகையிரதத்தில் வந்தவர்கள், சிங்கமலைச் சுரங்கத்தைத் தாண்டி நிலையத்தில் இறங்கும்போது 170 கி.மீ. இற்கு மேல் வந்திருப்பார்கள். நேர்கோட்டில் பார்த்தால் இரு ஊர்களுக்கும் இடையே 100 கி.மீ. கூட இல்லை. தரவும் புகையிரதத்தைப் போலப் பாதை வழியேதான் வரும், நேர்கோட்டில் வராது. எனினும் அதன் வேகம் வேறு. ஒளியியல் நாரினூடாக ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கி.மீ. செல்லும், அதாவது 1 மி.செக். இல் 200 கி.மீ. ஆகவே கொழும்பில் உள்ள சேவையகத்திற்குப் போய் வருவதற்கு நாரில் மட்டும் 2 மி.செக். அளவே போதும். நடைமுறையில் இதைவிடப் பல மடங்கு ஆவதற்குக் காரணம், தொலைபேசிக்கும் கோபுரத்திற்கும் இடையிலான வானொலித் தொடர்பும் வழியில் உள்ள வழிப்படுத்திகளுமே.

சேவையகம் வெளிநாட்டில் இருந்தால் கணக்கு மாறும். சிங்கப்பூர் கொழும்பிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கி.மீ. போய்வர 5,400 கி.மீ.; 200 ஆல் வகுக்க 27 மி.செக். இலண்டன் ஏறத்தாழ 8,700 கி.மீ.; போய்வர 87 மி.செக். இவை இயற்கை விதிக்கும் கீழெல்லைகள். எவ்வளவு பணம் கட்டினாலும் இதைவிடக் குறைக்க இயலாது. கடலடி வடங்கள் வளைந்து செல்வதால் உண்மை எண் எப்போதும் இதைவிட அதிகமாகவே இருக்கும்.

அந்த வடங்கள் நமக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நாடு 2004 ஆகஸ்டில் உணர்ந்தது. கொழும்புக்கு அருகே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்தியபோது, இலங்கையின் வெளிநாட்டு இணையத் தொடர்பு பெருமளவில் அறுந்துபோயிற்று. இன்று பல வடங்கள் உள்ளதால் ஒன்று அறுந்தால் மற்றொன்று தாங்கும்.

செய்மதியைப் பற்றியும் ஒரு சொல். 2000 களில் கிராமங்களில் திறக்கப்பட்ட அறிவகம் (நெனசல) நிலையங்கள் சிலவற்றிற்குச் செய்மதி வழியாகவே இணையம் கிடைத்தது. புவிநிலைச் செய்மதி 35,786 கி.மீ. உயரத்தில் உள்ளது. கோரிக்கை மேலே ஏறி இறங்க வேண்டும். விடையும் ஏறி இறங்க வேண்டும். நான்கு பயணங்கள், 143,144 கி.மீ. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் செக்கனுக்கு 300,000 கி.மீ. எனக் கொண்டால் ஏறத்தாழ 477 மி.செக். ஒரு கைகுலுக்கலுக்கே அரைச் செக்கன்! சில நூறு கி.மீ. உயரத்தில் மட்டுமே சுற்றும் தாழ்நிலைச் செய்மதிகளில் இப்பிரச்சினை பெரிதும் இல்லை.

எண்களை வாசித்துப் பழகுவோம்

ஒரு பாடசாலைக் கணினியில் பெறுபேற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தபோது கீழ்வருமாறு காட்டியது எனக் கொள்வோம். (எண்கள் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை.) வரிசையில் நிற்றல் 4 மி.செக்.; ஆள்களப் பெயரைத் தேடல் 62; தொடக்க இணைப்பு 118, அதனுள் பாதுகாப்புப் பேச்சு 61; அனுப்பல் 1; காத்திருத்தல் 1,840; பதிவிறக்கல் 95.

மொத்தம் எவ்வளவு? 4 + 62 + 118 + 1 + 1,840 + 95 = 2,120 மி.செக். 2,181 எனக் கண்டவர்கள் 61 ஐ இரு தடவை கூட்டிவிட்டார்கள்.

இனிச் சுவையான பகுதி. தொடக்க இணைப்பிலிருந்து பாதுகாப்புப் பேச்சைக் கழித்தால் 118 – 61 = 57 மி.செக். இது ரி.சி.பி. கைகுலுக்கலின் நேரம், அதாவது உங்களுக்கும் சேவையகத்திற்கும் இடையிலான ஒரு போய்வரும் நேரம். தனியாக வேறு கருவி எதுவும் இன்றி, பாதையின் நீளத்தை அளந்துவிட்டீர்கள்!

காத்திருத்தல் 1,840 மி.செக். இதில் கோரிக்கை போவதும் விடை வருவதுமாக ஒரு போய்வரும் நேரம் அடங்கியிருக்க வேண்டும். அதனைக் கழித்தால் 1,840 – 57 = 1,783 மி.செக். இவ்வளவு நேரமும் உங்கள் கோரிக்கை சேவையகத்தின் வாசலில் நின்றது, அல்லது சேவையகம் அதனைச் செய்து முடிக்க எடுத்தது. மொத்தத் தாமதத்தில் ஆறில் ஐந்து பங்கு, அதாவது ஏறத்தாழ 84 சதவீதம், உங்கள் ஊருடன் எவ்விதத் தொடர்பும் அற்றது. கொட்டகலையில் இருந்தாலும் கொள்ளுப்பிட்டியில் இருந்தாலும் அந்த 1,783 மாறாது.

இக்கழித்தலை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். காத்திருத்தல் நேரம் முழுவதையும் சேவையகத்தின் தலையில் கட்டுவதும் தவறு. முழுவதையும் ‘லைன் சரியில்லை’ என்பதும் தவறு.

பெறுபேறு இரவில் நிகழ்வது

பெறுபேற்றுப் பக்கம் அளவில் மிகச் சிறியது. ஒரு பெயர், ஒரு சுட்டெண், ஒன்பது பாடங்கள், ஒன்பது எழுத்துகள். எனவே பதிவிறக்கல் நேரம் பிரச்சினையாக இருப்பது அரிது. பிறகேன் தாமதம்?

செய்தித்தளம் ஒன்றில் எல்லோரும் கேட்பது ஒரே பக்கத்தை. அதனை ஒரு தடவை ஆக்கிப் பதுக்கி வைத்துப் பிரதிகளை வழங்கலாம். பெறுபேற்றில் ஒவ்வொருவரும் கேட்பது வேறு பக்கம். ஒவ்வொரு சுட்டெண்ணுக்கும் தரவுத்தளத்தில் தேடி எடுத்து வழங்க வேண்டும். இதில் அடையும் கோரிக்கைகளின் எண்ணிக்கைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றது. சாதாரண தரப் பரீட்சைக்கு அண்மைய ஆண்டுகளில் நான்கு இலட்சத்திற்கும் அதிகமானோர் விண்ணப்பிக்கின்றனர். கணக்கிற்கு 400,000 எனக் கொள்வோம். அனைவரும் முதல் ஒரு மணித்தியாலத்திற்குள் ஒரு தடவை மட்டும் பார்த்தால் 400,000 ÷ 3,600 = செக்கனுக்கு ஏறத்தாழ 111 கோரிக்கைகள். ஒவ்வொருவரும் பொறுமை இழந்து பத்துத் தடவை புதுப்பித்தால் செக்கனுக்கு 1,111.

சேவையகம் செக்கனுக்கு 500 கோரிக்கைகளை முடிக்க வல்லது என வைத்துக்கொள்வோம். முதல் நிலையில் அது இலகுவாக இயங்கும். இரண்டாம் நிலையில் ஒவ்வொரு செக்கனும் 611 கோரிக்கைகள் மிஞ்சும். ஒரு நிமிடத்தில் 36,660 வரிசையில் நிற்கும். அவ்வேளை கடைசியில் வந்து சேர்பவர் 36,660 ÷ 500, அதாவது 73 செக்கன் காத்திருக்க வேண்டும். அவருடைய பச்சைப் பட்டை 73,000 மி.செக். ஐக் காட்டும். அதற்கு முன்னரே பல வலைத்தளங்கள் 503 அல்லது 504 என்னும் நிலைக் குறியீட்டை அனுப்பிக் கோரிக்கையைக் கைவிட்டுவிடும். 5 இல் தொடங்கும் குறியீடுகள் சேவையகப் பக்கத் தவறைக் குறிப்பவை. 404 போல 4 இல் தொடங்குபவை கேட்டவரின் பக்கத் தவறைக் குறிப்பவை. பல்தேர்வு வினாவுக்கு இது உதவும்.

நீங்கள் புதுப்பித்தல் பொத்தானை அழுத்தும்போது, உங்கள் வலைமேலோடி பழைய கோரிக்கையைக் கைவிட்டுப் புதியதை அனுப்புகின்றது. ஆனால் சேவையகம் பழையதையும் பல வேளைகளில் செய்து முடித்து, வாங்க ஆளில்லாத விடையைத் தயாரித்துவிடும். நீங்களோ வரிசையின் கடைசிக்குப் போயிருப்பீர்கள். நிறுவைக்கு இரண்டு பேர் மட்டும் முன்னே இருக்கையில் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய் நிற்பதற்கு ஒப்பானது இது. எனவே பச்சைப் பட்டை மட்டும் நீண்டுகொண்டிருந்தால், கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். அல்லது அரை மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். பெறுபேறு ஓடிப்போகாது. பரீட்சைத் திணைக்களத்தின் 1911 என்னும் துரித இலக்கத்திலும் விசாரிக்கலாம்.

சிக்னல் தவறு எனில்

அண்ணன் கூறியதும் சில வேளைகளில் சரியாகலாம். மலைநாட்டில் ஒரு மேடு மறைத்தாலே கோபுரத்தின் அலை நலிந்துவிடும். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேடேறியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஏறியவர்களுள் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.

நலிந்த சிக்னலின் அடையாளம் வேறு. அப்போது ஒரு துண்டு மட்டும் நீளாது. பெயர் தேடல், கைகுலுக்கல், காத்திருத்தல், பதிவிறக்கல் ஆகிய எல்லாமே நீளும். அத்துடன் ஒவ்வொரு தடவையும் எண்கள் தாறுமாறாக மாறும். ஏன்? வழியில் தொலைந்த பொதிகளை மீண்டும் அனுப்ப வேண்டியிருக்கின்றது. கைகுலுக்கலின் முதற் செய்தி தொலைந்தால், பணிசெயல் முறைமை ஏறத்தாழ 1 செக்கன் காத்திருந்துவிட்டே மீண்டும் அனுப்பும். அதுவும் தொலைந்தால் மேலும் 2 செக்கன் காத்திருக்கும். சாதாரணமாக 57 மி.செக். இல் முடியும் தொடக்க இணைப்பு 1,000 மி.செக். ஐத் தாண்டுவதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

ஆயினும் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். மிகக் கடுமையான நெரிசலில் சேவையகம் கைகுலுக்கக்கூட முடியாமல் திணறும். அப்போதும் தொடக்க இணைப்பு நீளும். இரண்டையும் வேறுபடுத்த ஓர் எளிய சோதனை உண்டு. விஞ்ஞானப் பாடத்தில் கட்டுப்பாட்டுப் பரிசோதனை செய்வீர்கள் அல்லவா? அதே கணத்தில் வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் தள்ளாடினால் நோய் உங்கள் பக்கத்தில். அது உடனே திறந்தால் நோய் அந்தப் பக்கத்தில். இச்சோதனைக்குக் கணினியோ எஃப் 12 சாவியோ தேவையில்லை. தொலைபேசியில் நேர அட்டவணைப் பலகை இல்லாதபோதும் செய்யலாம். தொலைபேசியின் இணைப்பையே எண்களாக அளக்க விரும்பினால், அதன் ஹொட்ஸ்பொட்டைக் கணினிக்கு வழங்கிக் கணினியில் பலகையைத் திறவுங்கள்.

நம் கையில் உள்ள தவறு

சேவையகத்தையும் கோபுரத்தையும் குறை கூறிவிட்டோம். ஒரு பாடசாலையில் நான் கண்ட சம்பவம் ஒன்றையும் கூறுவது நியாயம். கண்காட்சிக்காக மாணவர்கள் ஒரு வலைத்தளம் செய்திருந்தார்கள். முகப்பில் தோட்டத்தின் அழகான நிழற்படம் ஒன்று, உள்ளங்கை அளவில். பக்கம் திறக்க எட்டுச் செக்கன் ஆயிற்று. “இன்டர்நெட் ஸ்லோ” என்றே எல்லோரும் கூறினார்கள், நானும்தான். பலகையைத் திறந்து பார்த்தபோது ஒரே ஒரு நீலப் பட்டை திரையின் குறுக்கே நீண்டு கிடந்தது. கமராவிலிருந்து எடுத்த படத்தை அப்படியே ஏற்றிவிட்டு, பட ஒட்டின் அகலப் பண்பில் 200 என எழுதியிருந்தார்கள்.

அகலப் பண்பு படத்தைத் திரையில் சிறிதாகக் காட்டுமே தவிரக் கோப்பைச் சிறிதாக்காது. கோப்பு 3.8 மெகாபைற்று. 1 பைற்று 8 பிற்று ஆகையால் 30.4 மெகாபிற்று. இணைப்பு செக்கனுக்கு 4 மெகாபிற்று எனில் 30.4 ÷ 4 = 7.6 செக்கன். படத்தைத் திருத்தும் மென்பொருளில் உண்மையாகவே அகலம் 200 ஆகக் குறைத்துச் சேமித்தபோது கோப்பு சில பத்துக் கிலோபைற்றுகளாகச் சுருங்கியது. பட்டை கண்ணுக்கே தெரியவில்லை. பார்வையிட வருபவரின் டேட்டாவும் மிஞ்சும் என்பதை மறக்க வேண்டாம். இணைப்பு வேகம் பிற்றிலும் கோப்பின் அளவு பைற்றிலும் தரப்படும் இந்த வேறுபாட்டில் ஆண்டுதோறும் பலர் புள்ளிகளை இழக்கின்றனர்.

சிறு கோப்புகளின் நிலை வேறு. ரி.சி.பி. முதலிலேயே முழு வேகத்தில் அனுப்பாது. தற்போது பொதுவாக முதற் சுற்றில் 14 கிலோபைற்று அளவு அனுப்பி, விடை வந்தபின் இரு மடங்காக்கும்: 14, பின்பு 28, பின்பு 56. மூன்று சுற்றுகளில் 98 கிலோபைற்று. போய்வரும் நேரம் 57 மி.செக். எனில் இதற்கு 171 மி.செக்.; 240 மி.செக். எனில் 720 மி.செக். பட்டை அகலம் இரண்டிலும் ஒன்றே. சிறு கோப்பை விரைவாகப் பெறுவதற்கு அகலமான பாதையைவிடக் குறுகிய தூரமே பெரிதும் உதவும் என்பதற்கு இக்கணக்கே சான்று. பெரிய நிறுவனங்கள் தமது கோப்புகளின் பிரதிகளைப் பல நாடுகளில் வைத்திருப்பது இதனாலேயே.

செய்து பார்க்க

பலகையில் ‘பதுக்ககத்தை முடக்கு’ என்னும் பொருளுடைய தெரிவு ஒன்று உண்டு. அதனைத் தெரியாமல் ஒரு தடவையும் தெரிந்து ஒரு தடவையும் ஒரே பக்கத்தைப் புதுப்பித்து, அடியில் காட்டப்படும் மொத்தத் தரவின் அளவை ஒப்பிடுங்கள். முதற் தடவையில் சில வரிகளில் 304 என்னும் குறியீடு தென்படலாம். “உன்னிடம் உள்ள பிரதியே சரியானது, மீண்டும் அனுப்பவில்லை” எனச் சேவையகம் கூறுவதே 304. இணைப்பை வேண்டுமென்றே 3ஜி அளவிற்கு மெதுவாக்கிப் பார்க்கும் தெரிவும் அதே வரிசையில் உள்ளது. நீங்கள் செய்த பக்கத்தை அதில் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு கோரிக்கையின் தொடக்க இணைப்பு 150 மி.செக்.; அதனுள் பாதுகாப்புப் பேச்சு 76 மி.செக்.; காத்திருத்தல் 290 மி.செக். சேவையகம் செலவிட்ட நேரத்தை மதிப்பிடுக.
விடை: போய்வரும் நேரம் 150 – 76 = 74. சேவையகம் 290 – 74 = 216 மி.செக்.

2. 1.5 மெகாபைற்றுப் படம் ஒன்று செக்கனுக்கு 3 மெகாபிற்று இணைப்பில் பதிவிறங்க எடுக்கும் நேரம் யாது?
விடை: 1.5 × 8 ÷ 3 = 4 செக்கன்.

3. சேவையகம் ஒன்று நேர்கோட்டில் 5,000 கி.மீ. தொலைவில் உள்ளது. அதனுடன் 30 மி.செக். இல் கைகுலுக்கல் முடிந்ததாக ஒரு மாணவர் கூறுகின்றார். இதனை ஏற்பீர்களா?
விடை: ஏற்க முடியாது. போய்வர 10,000 கி.மீ.; ஒளியியல் நாரில் குறைந்தது 50 மி.செக். தேவை. அவருக்கு விடையளித்தது அருகில் உள்ள ஒரு பிரதிச் சேவையகமாக இருத்தல் வேண்டும்.

4. பெறுபேற்றுப் பக்கம் 20 செக்கனாகத் திறக்கவில்லை. அதே வேளை வேறொரு செய்தித்தளம் 1 செக்கனில் திறக்கின்றது. மேட்டுக்குச் செல்வீர்களா, வீட்டில் இருப்பீர்களா? காரணம் தருக.
விடை: வீட்டில் இருக்கலாம். செய்தித்தளம் உடனே திறப்பதால் வானொலித் தொடர்பும் பெயர் தேடலும் சீராக உள்ளன. தாமதம் பெறுபேற்றுச் சேவையகத்தின் வரிசையில் உள்ளது. (‘வீட்டில் இருக்கலாம்’ என்பதற்கு 1 புள்ளி; காரணத்திற்கு 2 புள்ளிகள். காரணம் எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.)